சந்திரம்மாளின் மகள்: முத்துலட்சுமி ரெட்டி மருத்துவரான வழி

காவிரிப் படுகையின் அரசு கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு சேரும் மாணவி இன்று ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறார். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் அத்திட்டத்திற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர். அதே மாணவியின் அக்காவோ அண்ணியோ கருவுற்றிருந்தால், ஊர்ச் செவிலியர் வேறொரு விண்ணப்பத்தை எடுத்து வருவார். பேறுகால உதவிக்கான அத்திட்டத்திற்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். இருவரும் ஒரே காலத்தவர். தேவதாசி முறை எனும் ஒரே கொடுமையை எதிர்த்து இரு வேறு திசைகளிலிருந்து போரிட்டவர்கள். ஒருவர் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்து, பொதுமேடைகளிலும் தெருக்களிலும் பேசி, 1936இல் ஒரு நாவலும் எழுதினார். மற்றவர் மருத்துவக் கல்லூரியின் வழியாகச் சட்டமன்றத்திற்கு வந்தார். இரண்டாமவரின் வாழ்வை, குறிப்பாக ஒரு மாணவியாக அவர் நடந்த வழியை, நாம் இங்கே எழுதுகிறோம். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று பாடநூல்களும் சுவரொட்டிகளும் அவரைச் சுட்டுவது பிழை. அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவப் பட்டயம் பெற்றுவிட்டார். முதல் என்ற பட்டம் இல்லாமலேயே இவ்வாழ்வு படிக்கத்தக்கது.

அவர் பிறந்த மரபைப் புரிந்துகொள்ள நெல்லிலிருந்து தொடங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டொன்று உண்டு. திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை, திருவையாறு முதலிய ஊர்களின் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கு எது என்பதெல்லாம் அதில் உள்ளன. அப்பெண்களின் நிலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவதாசிகளின் நிலையும் ஒன்றல்ல என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்; அதை நாம் ஏற்கிறோம். ஆயினும் கோயில், நிலம், நெல், பெண் என்னும் நான்கும் ஒரே கணக்கேட்டில் எழுதப்படும் வழக்கம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டு நின்றது. சிறுமிக்குப் பொட்டுக்கட்டி இறைவனுக்கு மணம் முடித்ததாகச் சொல்வார்கள். அவளுக்குரிய மானிய நிலம் அந்தச் சேவையோடு பிணைந்திருக்கும். வளர்ந்தபின் மிராசுதாரரோ அதிகாரியோ அவளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வார். பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் சாதியும் இல்லை, சொத்தும் இல்லை.

அந்த மானிய நிலத்தில் இறங்கி உழுதவர், நடவு நட்டவர் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவோம். சேரியிலிருந்து வந்த பள்ளரும் பறையருமான பண்ணையாட்கள்தாம். தேவதாசிப் பெண் கோயிலின் உள்மண்டபம்வரை செல்ல முடிந்தவர். பண்ணையாளுக்குக் கோபுர வாசலே எல்லை. இரண்டும் அடிமைத்தனமே எனினும் ஒரே அடிமைத்தனம் அல்ல. முத்துலட்சுமியைக் கொண்டாடும் எழுத்துகள் பலவும் இந்த வேறுபாட்டைக் கடந்து சென்றுவிடுகின்றன.

தஞ்சைக்குத் தென்மேற்கே, காவிரி நீர் எட்டாத ஏரிப்பாசன நாடான புதுக்கோட்டை அன்று தொண்டைமான்களின் சமத்தானம். அங்கே 1886 சூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராசா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். இவ்வுறவுக்காக நாராயணசாமியைப் பார்ப்பனச் சுற்றம் விலக்கி வைத்தது. மனைவி என்ற பெயரும் சட்ட ஏற்பும் சந்திரம்மாளுக்குக் கிட்டவில்லை. வீட்டில் அன்பு இருந்தது, ஊரில் ஏளனம் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்தது இவ்விரண்டுக்கும் இடையில்தான்.

பெண் எழுதப் படிக்கக் கற்பது கோயில் நாட்டியத்திற்கு ஆயத்தம் செய்வதாகவே கருதப்பட்ட மரபு அது. குடும்பப் பெண்ணுக்கு எழுத்து வேண்டாம் என்று மற்றைச் சாதியினர் சொன்னதற்கும் அதுவே காரணம். நாராயணசாமி மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். பருவமெய்தியதும் பள்ளி நின்றது. ஆனால் வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது, தந்தையும் ஆசிரியர்களும் கற்பித்தனர். தனித்தேர்வராக எழுதி மெட்ரிகுலேசன் தேறினார். தாய் சந்திரம்மாள் மகளுக்கு விரைவில் மணம் முடித்துவிட விரும்பினார் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொட்டுக்கட்டு ஒருபுறம் காத்திருக்கும் குடும்பத்தில், முறையான திருமணம் என்பதே ஒரு தாய் தன் மகளுக்குத் தேடித்தரக்கூடிய பெரிய விடுதலையாகத் தெரிந்திருக்கும்.

அடுத்த படி கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்த ஒரே கல்லூரி மகாராசா கல்லூரி. அதில் ஆண்கள் மட்டுமே படித்தனர். விண்ணப்பம் போனதும் எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்றனர். அவர்கள் அஞ்சியது பெண்ணைக் கண்டு மட்டுமன்று, எந்தத் தாயின் மகள் என்பதைக் கண்டும்தான். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளிச் சேர்க்கைக்கு ஆணையிட்டார், உதவித்தொகையும் வழங்கினார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பில் தடுப்பொன்றின் மறைவில் அமர்ந்து, அவர் பாடம் கேட்டார். அந்தத் தடுப்பு யாருடைய பாதுகாப்பிற்காக என்று கேட்டால், சமூகத்தின் பாதுகாப்பிற்காக என்பதே நேர்மையான விடை.

இங்கே சற்று நிற்க வேண்டும். ஒரு மாணவியின் படிப்பு அரசர் ஒருவரின் நல்லெண்ணத்தில் தொங்கியது. அரசருக்குத் தந்தை அறிமுகமானவர். கல்லூரியின் முதல்வராக இருந்தவர். திறமை முத்துலட்சுமியினுடையது, ஆனால் கதவு திறந்தது அந்த அறிமுகத்தால். அதே ஆண்டுகளில் தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாள் வீட்டில் பிறந்த சிறுமிக்கு எழுத்துப் பலகையும் கிடையாது. ஆதிதிராவிடர் பள்ளிகளைத் தொழிலாளர் ஆணையர் துறையின் கீழ் அரசு நடத்தத் தொடங்கியதே 1920களில்தான். அதற்கு முன் சில கிறித்தவ மிசன் பள்ளிகள் இருந்தன, அவ்வளவே. அறிமுகத்தின் இடத்தில் உரிமையை வைக்கத்தான் இடஒதுக்கீடு வந்தது. அந்த உரிமையும் கைநழுவக்கூடும் என்பதைக் கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் நமக்குக் காட்டியது. கூலித் தொழிலாளியின் மகளான அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வு குறுக்கே நின்றதால் மருத்துவ இடம் கிடைக்காமல், உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2017 செப்டம்பர் 1 அன்று உயிர் துறந்தார். அதற்குப் பின்பே, 2020இல், அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நூறாண்டு இடைவெளியில் இரு மாணவிகள். ஒருவருக்குத் தடுப்பின் பின்னேயாவது ஓர் இருக்கை கிடைத்தது.

இடைநிலைத் தேர்வு முடிந்ததும், 1907இல், முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இருபத்தொரு வயது. அக்கல்லூரி 1875 முதலே பெண்களைச் சேர்த்துவந்தது. முதலில் வந்த நால்வரில் ஒருவரான மேரி சார்லீப் பின்னாளில் இலண்டனில் புகழ்பெற்ற மருத்துவரானார். ஆனால் வந்தவர்களில் மிகப்பலர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவருமாக இருந்தனர். புதுக்கோட்டையிலிருந்து வந்த பெண்ணுக்குச் சென்னையில் வீடு பார்ப்பதே முதல் சோதனை. குடும்பத்தின் வருவாயோ சிறிது; தம்பி தங்கையரும் படித்தாக வேண்டும்.

மருத்துவக் கல்வியின் உள்ளியக்கத்தை நினைத்துப் பார்த்தால் இந்தப் படிப்பு சாதிச் சமூகத்திற்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்பது விளங்கும். பிணத்தைத் தொடுவது, குருதியையும் சீழையும் கழிவையும் கையாள்வது, முன்பின் அறியாத ஆணின் உடலை ஆய்வது என இவை அனைத்தும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்ட வேலைகள். வெட்டியானும் மருத்துவச்சியும் செய்தபோது அது இழிதொழில். அதே வேலை கல்லூரிக்குள் நுழைந்து ஆங்கிலப் பெயர் பெற்றதும் உயர்தொழில். உடற்கூறு மேசையின் முன் நின்ற முத்துலட்சுமிக்கு இது இவ்வாறு தோன்றியதா என்பது வேறு. இன்று அம்மேசையின் முன் நிற்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இது தோன்றாமல் இராது. ஒரு பெண்ணால் அறுவை மருத்துவம் கற்க இயலுமா என்ற ஐயம் அக்கல்லூரியிலும் இருந்தது. அந்தப் பாடத்திலேயே அவர் சிறப்புத் தகுதி பெற்றார். பரிசுகளும் பதக்கங்களுமாக 1912இல் பட்டம் பெற்று, எழும்பூர் மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியில் அமர்ந்தார். அந்தப் பணியில் அங்கு அமர்ந்த முதல் பெண் அவரே.

திருமணத்திற்கு அவர் அஞ்சினார். தன் தாயின் வாழ்வைக் கண்டவருக்கு அந்த அச்சம் இயல்பு. மருத்துவர் சுந்தர ரெட்டி மணக்கக் கேட்டபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் உறுதியைப் பெற்றே இசைந்தார். 1914இல், 1872ஆம் ஆண்டின் சட்டப்படி, சடங்குகளின்றி மணம் நடந்தது. பிற்காலத்தில் எல்லாரும் அறிந்த ரெட்டி என்னும் பின்னொட்டு அவ்வாறு வந்தது. தந்தையின் சாதி அவருக்கு மறுக்கப்பட்டது, தாயின் மரபை அவரே மறுத்தார், கணவரின் சாதிப்பெயர் நிலைத்துவிட்டது. நாம் அவரை முத்துலட்சுமி என்றே எழுதுகிறோம்.

இனி அவர் வாழ்வின் போக்கை மாற்றிய மரணம். தங்கை ஒருவர் வயிற்றுப் போக்கும் குருதிப் போக்குமாக நோயுற்றார். சீதபேதி என்று எண்ணி மருத்துவம் செய்தனர். அது மலக்குடல் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. 1923இல் அவர் இறந்தார். மருத்துவரின் வீட்டிலேயே, மருத்துவர்கள் சூழ இருந்தும், நோய் அடையாளம் காணப்படவில்லை. வியப்பதற்கில்லை. குடலின் உட்புறத்தில் வளரும் கட்டியும் சீதபேதியும் வெளியே காட்டும் அறிகுறி ஒன்றே. உட்கண்டு, திசுவை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தாலன்றிப் பிரித்தறிய இயலாது. அதற்கான தனி மருத்துவமனையோ பயிற்சி பெற்றவரோ அன்று தென்னிந்தியாவில் இல்லை. 1925இல் அரசின் உதவித்தொகையோடு அவர் இங்கிலாந்து சென்று, பெண்கள் குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்றபோது, இலண்டனின் புற்றுநோய் மருத்துவமனையையும் கண்டார். உரிய நேரத்தில் கண்டறிந்தால் இந்நோயையும் வெல்லலாம் என்னும் கருத்து அங்கே வேரூன்றியது. அது செயலாக முப்பதாண்டு பிடித்தது. இடையில் அரசியல் குறுக்கிட்டது.

மகளிர் அமைப்புகள் அவர் பெயரை முன்மொழிய, சென்னைச் சட்ட மேலவைக்கு அவர் நியமிக்கப்பட்டார். 1927இல் அதன் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் அமர்ந்த முதல் பெண் அவர். இரட்டைமலை சீனிவாசன் தாழ்த்தப்பட்டோரின் சார்பில் அதே அவையில் இருந்தார். 1927 நவம்பரில், இந்துக் கோயில்களுக்குச் சிறுமியரை நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தை முத்துலட்சுமி கொண்டுவந்தார். அவர் வாதம் மருத்துவரின் வாதமாக இருந்தது. எழும்பூர் மருத்துவமனையில் பால்வினை நோய்களோடு வந்த இளம்பெண்களை, அந்நோயோடு பிறந்த குழந்தைகளை அவர் தம் கையால் தொட்டு மருத்துவம் பார்த்தவர். கலை, பண்பாடு, புனிதம் என்று பிறர் பேசிய இடத்தில் அவர் நோய்க்குறிப்பேட்டைத் திறந்து வைத்தார்.

எதிர்ப்பு இரு பக்கமிருந்து வந்தது. காங்கிரசின் சத்தியமூர்த்தி மரபையும் கலையையும் காப்பதாகச் சொல்லி எதிர்த்தார். அவரைப் போன்றோர்க்கு நாம் இங்கே இடம் தரப் போவதில்லை. மற்றப் பக்கத்தில் தேவதாசிகளே நின்றனர். தங்களைப் பரத்தையரோடு ஒன்றாக்கிப் பேசுவதை எதிர்த்து அவர்கள் சங்கமாகக் கூடி அரசுக்கு மனு அளித்தனர். அவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாள் முதன்மையானவர். தம் சேமிப்பையெல்லாம் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராசரின் நினைவிடத்தைக் கோயிலாக எழுப்பியவர், ஆராதனையில் பெண்கள் பாடும் உரிமைக்காகப் போராடியவர், முத்துப்பழனி என்னும் தஞ்சை அரசவைக் கணிகையின் காவியத்தைப் பதிப்பித்து அரசின் தடையைச் சந்தித்தவர். கல்வியும் சொத்தும் சொல்லாற்றலும் உடைய அப்பெண்களுக்குத் தங்கள் தொழில் இழிவாகத் தோன்றவில்லை. சிறு வயதிலேயே விற்கப்பட்டும் நேர்ந்துவிடப்பட்டும் நோயுற்றும் அழிந்த பெண்களுக்கோ சங்கமும் இல்லை, மனு எழுதும் கையும் இல்லை. முத்துலட்சுமி அவர்கள் பக்கம் நின்றார் என்பதே நம் தீர்ப்பு. ஆனால் அவருடைய மொழியில் கற்பு, குடும்பப் பெண் என்னும் சொற்கள் மிகுந்திருந்தன என்பதையும், அச்சொற்கள் எதிரிகளைத் திருப்திப்படுத்தத் தேவைப்பட்டதைவிட அதிகமாகவே தேவதாசிகளைப் புண்படுத்தின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1929இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. தஞ்சை மாவட்டத்தைப் பொறுத்தவரை இதுவே வேரை வெட்டிய செயல் என்று சொல்லலாம். தேவதாசியின் மானிய நிலம் கோயில் சேவையோடு பிணைந்திருந்ததால்தான் அடுத்த தலைமுறைச் சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. கட்டாவிட்டால் நிலம் போய்விடும். அந்தப் பிணைப்பைச் சட்டம் அறுத்தது. சேவை செய்யாமலேயே நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்றானது. விடுதலைக்கு அறவுரை போதாது, நிலம் வேண்டும் என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். அந்நிலத்தின் பயன் பல குடும்பங்களில் பெண்களின் கையிலிருந்து ஆண்களின் கைக்குப் போனதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அதில் உழைத்த பண்ணையாளுக்குச் சட்டம் ஒன்றும் தரவில்லை. அவருக்கென ஒரு சட்டம் வர 1952ஆம் ஆண்டின் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் செங்கொடி இயக்கத்தின் போராட்டத்தால் வந்தது.

பொட்டுக்கட்டையே தடை செய்யும் மசோதாவை 1930இல் அவர் கொண்டுவந்தார். அது நிறைவேறும் முன்பே, காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். இந்த முடிவைப் பற்றி நமக்கு ஐயம் உண்டு. சட்டம் வந்தது 1947இல். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமியரின் கணக்கை யாரும் எடுக்கவில்லை. 1947இன் சட்டத்திற்குப் பிறகும் வடதமிழ்நாட்டின் எல்லையோரத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், அருந்ததியர் சிறுமியரை மாத்தம்மாவாக நேர்ந்துவிடும் வழக்கம் தொடர்ந்தது. பெருங்கோயில் தேவதாசி முறை மறைந்த வேகத்தில் சேரியின் அம்மன் கோயில் வழக்கம் மறையவில்லை. சட்டம் எந்த உயரத்தில் நின்று எழுதப்பட்டது என்பதை இது காட்டும். நாட்டியம் மட்டும் வேறு கைகளுக்குப் போய், பரதநாட்டியம் என்னும் பெயரோடு சபாக்களின் மேடையில் ஏறிற்று.

மேலவைக் காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியைச் சட்டங்களைவிட அருகில் வைத்துப் பார்க்கிறோம். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிப் படிக்க விரும்பிய மூன்று சிறுமியர் சென்னையில் அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். அவர்களை விடுதியில் சேர்க்க முயன்றார். பார்ப்பன மாணவியர் விடுதி மறுத்தது. பார்ப்பனரல்லாதார் விடுதியும் மறுத்தது. சாதியொழிப்பு பேசுவோர் இரண்டாவது மறுப்பை நினைவில் வைக்க வேண்டும். இறுதியில் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து 1930ஐ ஒட்டி அவ்வை இல்லம் பிறந்தது. பின்னர் அடையாற்றில் நிலைகொண்டது. சாதி கேளாமல், பெற்றோர் யார் என்று கேளாமல் பெண்களைச் சேர்த்து, ஆசிரியர், செவிலியர் போன்ற பணிகளுக்கு ஆயத்தம் செய்தது. முன்பு மகாராசா கல்லூரியின் வாசலில் தமக்குக் கேட்கப்பட்ட கேள்வியைத் தம் வாசலில் எவரிடமும் அவர் கேட்கவில்லை.

இப்போது மீண்டும் அந்தப் புற்றுநோய். 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கோரிக்கையை அவர் அப்போது முன்வைத்தார். போர் வந்தது, விடுதலை வந்தது, மருத்துவமனை வரவில்லை. அரசிடம் மீண்டும் மீண்டும் சென்றார். சாகப்போகும் நோயாளிக்கு ஏன் தனி மருத்துவமனை என்னும் பொருளில் அமைச்சர் மட்டத்திலேயே மறுமொழி கிடைத்தது. காலரா, அம்மை, காசநோய் ஆகியன ஆயிரக்கணக்கில் கொன்ற காலம்; அந்த மறுமொழியில் ஒரு கணக்கு இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆனால் சாவு உறுதி என்பதே அறியாமை என்பதைத் தங்கையின் படுக்கையருகே கற்றவர் அவர். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1949இல் நிதி திரட்டத் தொடங்கினார். பொதுமக்கள் சிறு சிறு தொகையாகத் தந்தனர். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 சூன் 18 அன்று, அடையாற்றில், 12 படுக்கைகளோடு சிறு கட்டடமொன்றில் புற்றுநோய் நிலையம் தொடங்கியது. தென்னிந்தியாவில் அத்தகையது அதுவே முதல். அவருக்கு வயது அறுபத்தெட்டு நெருங்கியிருந்தது.

மகன் கிருட்டிணமூர்த்தி புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்று வந்து பொறுப்பேற்றார். 1955இல் இளம் மருத்துவர் சாந்தா, கையிலிருந்த அரசுப் பணி வாய்ப்பை விட்டுவிட்டுச் சேர்ந்தார். 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1950களிலேயே கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி கனடாவிலிருந்து வந்தது. ரேடியம் விலையால் எட்டாப் பொருளாயிருந்த நாளில், அணு உலையில் உண்டாக்கப்படும் கோபால்ட் 60 உடலின் ஆழத்திலுள்ள கட்டிக்கும் கதிரைச் செலுத்த வழி திறந்தது. வாயில் முற்றிய புற்றுக்குக் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துத் தரும் முறையை அந்நிலையத்தார் முன்னதாகவே ஆராய்ந்தனர். அங்கு வந்தோரில் மிகுந்திருந்தவை இரண்டு: வாய்ப்புற்றும் கருப்பை வாய்ப்புற்றும். இரண்டும் ஏழைகளின் புற்றுகள். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டு சேற்றில் குனிந்து நடவு நடும் பெண்ணை நாகை, திருவாரூர் வயல்களில் பார்த்தவருக்கு முதலாவது எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. வலியையும் வெள்ளைப்படுதலையும் சொல்ல வெட்கப்பட்டு, சொன்னாலும் கேட்க மருத்துவர் இல்லாமல், முற்றியபின் வருவது இரண்டாவது. இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பெரும்பகுதியினர்க்கு மருத்துவம் என்னும் கொள்கையை நிலையம் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்டதால் இப்பெண்களால் அங்கே வர முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடும் அங்கே தொடங்கப்பட்டது. யாருக்கு எந்தப் புற்று, எந்த வயதில், எந்தப் பகுதியில் என்று எண்ணத் தொடங்கியபின்தான் இந்நோய் தலைவிதி என்ற பேச்சு ஆய்வுக்குரிய பொருளாயிற்று. அப்பதிவேட்டில் சாதிக்கு ஒரு கட்டம் இல்லை. இருக்க வேண்டுமா என்பது இன்று பொதுநலவாழ்வு படிக்கும் நம் மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க ஆய்வுப்பொருள்.

தஞ்சையில் மருத்துவம் அயலாக இருந்ததில்லை. இரண்டாம் சரபோசி மன்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன்வந்திரி மகாலில் மருந்துகளை ஆய்வு செய்வித்தார். கண்நோயாளிகளின் குறிப்பேடுகளைப் படங்களோடு எழுதிவைத்தார். நகரின் பழைய மருத்துவமனை இன்றும் இராசா மிராசுதார் மருத்துவமனை என்றே வழங்குகிறது. கொடுத்தவர் பெயர் நிற்கிறது, அவர்களுக்கு விளைத்துக் கொடுத்தவர் பெயர் இல்லை. மருத்துவக் கல்லூரி வந்தது 1950களின் இறுதியில்தான். அதுவரை படுகையின் மாணவர் சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ போக வேண்டும். அதன்பின் இடஒதுக்கீட்டின் வழியே சேரியிலிருந்து முதல் மருத்துவர்கள் தஞ்சையிலேயே உருவாயினர்.

1956இல் பத்ம பூசண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 சூலை 22 அன்று சென்னையில் காலமானார். ஐந்து மாதங்கள் கழித்து, டிசம்பர் 25 இரவு, நாகைக்கருகே கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்று வெண்மணியிலிருந்தும் மூவலூரிலிருந்தும் வாய்ப்புற்றோடு வரும் நோயாளி, இரவு இரயிலில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, அடையாற்றுக்குப் பேருந்து பிடிக்கிறார். கூட வருவது பெரும்பாலும் மகள். அவர் கல்லூரியில் படிப்பவராகவும் இருக்கக்கூடும்.